நூற்றியொன்று

நூறு கன்று, நூற்று நாற்பது யூரோ.
மார்ச் மாதம். இலை என்று ஒன்றுகூட இல்லை,
இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிய குச்சிகள்.
"இதற்கா இவ்வளவு?" என்றேன்.
நாற்றுப்பண்ணைக்காரி கட்டைத் தலைகீழாகத் திருப்பி
வேரைக் காட்டினாள்,
மழையில் நனைந்தவள் பிரித்துவிட்ட சடைபோல.
"காசு இதற்கு. மேலே இருப்பது இனாம்."

கூடவே ஒரு தாள்.
விதை எந்தச் சரிவில் பொறுக்கியது,
எந்த எண்ணுள்ள வட்டாரம்,
வயது இரண்டு,
இடம்பெயர்ந்தது ஒரு முறை.
அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.
என் கோப்பில் மூன்று முறை என்று இருக்கும்.
சொல்லவில்லை;
பின்னால் ஒருவர் தக்காளி நாற்றோடு காத்திருந்தார்.

ஈரச் சாக்கில் சுற்றிக் குப்பைப் பையில் இட்டு
பிரவுன்ஷ்வைக்கில் ரயில் ஏறினேன்.
பரிசோதகர் என் சீட்டைப் பார்த்தார்,
பையிலிருந்து தலை நீட்டியவற்றைப் பார்த்தார்.
நாய்க்குச் சீட்டு உண்டு. சைக்கிளுக்கும் உண்டு.
மரத்துக்கு?
கைக்கருவியில் தேடினார்.
ஒரு நிலையம் வந்து போயிற்று.
"அவை தூங்குகின்றன" என்றாள் எதிர் இருக்கைச் சிறுமி,
"தூங்குபவர்களை எழுப்பக் கூடாது."
அவர் சிரிக்கவில்லை.
ஆனால் போய்விட்டார்.

ஹார்ஸ் மலையில் ஏறியதும் எனக்குப் பேச்சு நின்றது.
பட்டை வண்டு தின்று தீர்த்த ஸ்ப்ரூஸ் காடு,
நின்ற நிலையிலேயே செத்து,
சாம்பல் நிறத்தில்,
வரிசை கலையாமல்.
"அந்த வரிசைதான் குற்றம்" என்றான் வனக்காவலன் தில்மான்.
ஒரே இனம், ஒரே வயது, தோளோடு தோள்.
வண்டுக்கு இலை போட்டுப் பரிமாறிய பந்தி.

இந்த முறை கலந்து நட வேண்டும்:
பீச், மேப்பிள், ரோவன், ஈரமில்லாத மேட்டில் கொஞ்சம் ஓக்.
நானோ மருத்துவமனைச் சலவைக் கூடத்தில்
பன்னிரண்டு வருடமாக
விரிப்புகளை ஓரம் ஒத்து மடிப்பவன்.
கை தன்னால் நேர்க்கோடு போட்டது.
எட்டாவது குழியில் தில்மான்
என் மண்வெட்டியைப் பிடித்து
அரை அடி தள்ளி வைத்தான்.
பதினைந்தாவதில் மறுபடியும்.

குத்து, முன்னே தள்ளு, பின்னே இழு;
மண் வாய் திறக்கும்.
வேர் மடங்காமல் இறக்கு.
குதிகாலால் மூடு.
பிடித்து மெல்ல இழுத்துப் பார்,
வராவிட்டால் நட்டாயிற்று.

மதியம் ஊலா பயறு சூப் ஊற்றினாள்.
"நூறில் எத்தனை தப்பும்?"
"மானுக்குக் கொஞ்சம், கோடைக்குக் கொஞ்சம்.
நல்ல மழை என்றால் முப்பது."
நூற்று நாற்பதை முப்பதால் வகுத்தேன், பழக்க தோஷம்.
நிலையத்தில் ஒரு பெரிய காபியின் விலை.

மாலையில் பாதுகாப்புக் குழாய்கள் தீர்ந்த பிறகும்
சாக்கின் மூலையில் ஒரு ரோவன்.
எண்ணியே கொண்டுவந்த நூறு குழாய்,
கட்டில் மட்டும் நூற்றியொன்று.
மொய்க்கு ஒரு ரூபாய் கூட்டி வைக்கும் வழக்கம்
அந்தப் பண்ணைக்காரிக்குத் தெரிந்திருக்க வழியில்லை.
எண்ணத் தவறியிருப்பாள்.
செத்த ஸ்ப்ரூஸ் ஒன்றின் வேர்களுக்கிடையே
குழாய் இல்லாமல், எண் இல்லாமல்
அதை வைத்துவிட்டு
கடைசிப் பேருந்துக்கு ஓடினேன்.

செப்டம்பரில் போனபோது
குழாய்களுக்குள் குனிந்து குனிந்து பார்த்து
முதுகு விட்டுப்போயிற்று.
அறுபத்தி நாலு உயிரோடு.
இது முதல் கோடைதான் என்றான் தில்மான்.
பிறகு அந்த ஸ்ப்ரூஸ் அடிக்குப் போனேன்.
முழங்கால் உயரத்தில் ஏழெட்டு ரோவன்கள்,
பறவை போட்டதில் தாமாக முளைத்தவை,
சிலது மான் கடித்தது, சிலது கடிக்காதது.
அவற்றில் எது
நான் ரயிலில் கூட்டிவந்தது என்று
தெரியவில்லை.
பையில் அந்தத் தாள் இருந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
நூறு என்றுதான் எழுதியிருந்தது.